மேட்டூர் டாமில் ஒரு பச்சை விளக்கு!

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். ஜனவரி மாசம் அங்கே மைனஸ் இருபது டிகிரி குளிர் என்பது சர்வ சாதாரணம். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ரெண்டு கம்பளி, ஒரு டம்ளர் சுக்குக் காப்பி, கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். அந்த ஊர் ஆசாமிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உறைந்து போன ஏரி மேல் நடந்து போகிறார்கள். பனிக்கட்டியில் வட்டமாகத் துளை போடுகிறார்கள். அதற்கு மேல் மடக்குக் கூடாரம் ஒன்றை விரித்து, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துளைக்குள் தூண்டிலை விட்டு... மீனுக்குக் காத்திருக்கிறார்கள்! ஐஸ் நாலு அங்குலமாவது கெட்டியாக இருந்தால்தான் கால் வைக்கலாம் என்று அங்கே அரசாங்கம் எச்சரிக்கிறது. வீட்டம்மாக்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அரசாங்க நோட்டீஸில் இல்லை.

டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டி விடும். ஏரிக்கு நடுவில் கரண்ட் கம்பம் ஏது? அதனால் கூடாரத்துக்குள் 12 வோல்ட் பாட்டரியும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டும் மாட்டுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பல பேர் வைத்திருக்கும் அந்த பாட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர். தண்ணீருக்குள் மீன் இருக்கிறதா என்று காட்டும் கருவிக்காக வாங்கியது. அதிலேயே லைட்டையும் கோத்துக்கொள்கிறார்கள். அதே பாட்டரியை நீங்களும் தினம் உதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஸார்! ஆபீஸில் உங்கள் காலடியில் உட்கார்ந்து, கரண்ட் போனதும் 'கீங்... கீங்...' என்று ஒப்பாரி வைக்கிறதே யூ.பி.எஸ்., அதன் வயிற்றுக்குள் இருக்கும் செங்கல் சைஸ் சமாசாரம் அதுதான்.

'சேலத்தில் ஏதய்யா ஐஸ்? சர்பத் கடையில்தானே?' என்பீர்கள். வாஸ்தவம். ஐஸ் இல்லை. ஆனால் மடக்குக் குடில் இருக்கிறது. மீனும் இருக்கிறது. ராத்திரி முழுக்க இருட்டும் இருக்கிறது. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் போனால் மேட்டூர். அங்கிருந்து கொளத்தூர் பக்கம் போய் இறங்கினால் பண்ணவாடி. ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று சர்க்கார் கெஜட்டிலும், டாம் என்று ஜனங்கள் வாயிலும் இருக்கிற அந்தப் பெரிய தண்ணீரின் கரை.

1934-ல் கட்டி முடித்த அணை. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லி துரையின் பெயரை வைத்தார்கள். முழுசாக நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்த நம்பர் தங்கள் பிள்ளைகளின் மார்க்கைவிட மனப்பாடம். ஆனால் அந்த 120 அடி எப்போதும் 120 அடியாக இருப்பதில்லை. ஏறும், இறங்கும். 80 அடிக்குக் கீழே வந்தால் பண்ணவாடியில் முழுகிப்போன பழைய சர்ச்சின் கோபுரம் எட்டிப் பார்க்கும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி எழுந்து உட்காரும். பேப்பரில் வருஷம் தவறாமல் போட்டோ போடுவார்கள்.

போட்டோவில் வராதது ஒன்று உண்டு. தண்ணீர் இறங்க இறங்க, மீன் பிடிக்கிறவர்களின் குடிலும் அதன் பின்னாலேயே நடந்து போகும். நாலு மூங்கில், ஒரு நீலத் தார்ப்பாய், ரெண்டு கோரைப் பாய், ஒரு மண் அடுப்பு. சாயந்திரம் பரிசலில் போய் வலை கட்டிவிட்டு வந்து, விடிகாலையில் போய் எடுக்க வேண்டும். கட்லா, ரோகு, கெளுத்தி, அரஞ்சான், ஜிலேபி. நடுவில் இருக்கிற ராத்திரிக்குத்தான் அந்தக் குடில். கரை தள்ளிப் போனால் மூங்கிலைப் பிடுங்கி, தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர்களும் தள்ளிப் போவார்கள். மின்னசோட்டாக்காரர் லீவு நாளில் ஜாலிக்காகச் செய்கிறார். இவர்கள் சோற்றுக்காக. மற்றபடி சரக்கு ஒன்றுதான்.

எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன் அங்கே பரிசல் வைத்திருக்கிறார். 2024 கோடையில் அணை வற்றிக் கிடந்த சமயம், 'வாங்க தம்பி, டாமுக்கு நடுவுல உக்காந்து மீன் கொழம்பு சாப்பிடலாம்' என்று கூப்பிட்டார். பழைய வயல் வரப்பெல்லாம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. குடிலில் அண்ணன், அக்கா, ஆயா, லீவுக்கு வந்திருந்த மகள். பாப்பா ஜூன் மாசம் பத்தாங்கிளாஸ் போகப் போகிறாள். புஸ்தகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சீமெண்ணெய் விளக்கின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாமக்கல் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். பகல் வெளிச்சம் போதாது என்று பல்பு போட்டு, மொத்தம் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுத்து முட்டை போட வைப்பார்கள். ஒரு கோழிக்குக் கிடைக்கிற வெளிச்சம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லியும் விட்டேன்.

அக்கா உடனே பிடித்துக்கொண்டார்.

"வெளிச்சத்த உடுங்க. போன மாசம் ராத்திரி காத்துல இந்த வெளக்கு சாஞ்சு பாய்ல புடிச்சிக்கிச்சு. புள்ள தாவணி ஒரு மொழம் எரிஞ்சு போச்சு. ஆயா மட்டும் முழிச்சிருக்கலீன்னா..."

ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மீன் கழுவுன தண்ணி ஒரு குண்டான் இருந்துச்சு கண்ணு. தூக்கி ஊத்திப்புட்டேன். புள்ள மேல மூணு நாளு நாத்தம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு சுருங்கிக்கொண்டே வந்த கதை தனி. கிடைக்கிற கொஞ்ச நஞ்சத்தை இப்படித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது. ஐஸ் ஏரிக்காரர்களுக்கும் இதே பயம் உண்டு. மூடிய கூடாரத்துக்குள் அடுப்போ விளக்கோ எரிந்தால் நெருப்பைவிட மோசமான ஒன்று, கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். எழுந்திருக்க மாட்டீர்கள்.

அண்ணனுக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

"2022 மார்கழிங்க தம்பி. டாம் ரொம்பி நிக்குது. பனியான பனி. வலையப் பாக்கப் போனவன் திரும்பி வரேன், கரையே தெரியல. இவ இங்க வெளக்கு வெச்சிருக்கா, காத்துல அணஞ்சு போச்சு. தெரிஞ்ச வெளிச்சத்தப் பாத்துப் பரிசல உட்டேன். எங்க போயி எறங்குனேங்கறீங்க? நாகமறை!"

நாகமறை எதிர்க்கரை. தர்மபுரி மாவட்டம்! சேலம் மாவட்டத்தில் வலை கட்டிய மனுஷன் அடுத்த மாவட்டத்தில் போய் இறங்கி, விடிகிற வரைக்கும் ஈர வேட்டியோடு குந்தியிருந்தார். இங்கே அக்காவும் ஆயாவும் கரையில் நின்று கத்திக் கத்தி, விடிவதற்குள் தொண்டை கட்டிப் போயிருந்தது.

ஆக, அந்தக் குடிலுக்கு விளக்கு ரெண்டு வேலை செய்ய வேண்டும். உள்ளே இருக்கிறவர்களுக்கு நெருப்பில்லாத வெளிச்சம். வெளியே தண்ணீரில் இருக்கிறவருக்கு 'வீடு இங்கேதான் இருக்கிறது' என்று ஓர் அடையாளம். வீடே இடம் மாறிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

நான் படித்தது பி.காம். ஆகவே பாட்டரியை பாங்க் அக்கவுண்ட்டாகத்தான் எனக்குப் புரியும். உங்களுக்கும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று பிடிபடும்.

7 ஆம்பியர்-அவர் என்றால் உங்கள் அக்கவுண்ட்டில் 7 ரூபாய் இருக்கிறது. ஒரு ஆம்பியர் வீதம் செலவழித்தால் 7 மணி நேரம். அரை ஆம்பியர் வீதம் என்றால் 14 மணி நேரம். ஆனால் முழுசையும் எடுக்கக் கூடாது. காரீய பாட்டரிக்கு மினிமம் பேலன்ஸ் பாதி! அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு போய்விடும். சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றை மாட்டி, 12.1-க்கு வந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டியது. ஆகக் கையில் இருப்பது மூன்றரை ரூபாய். இதற்குள் ஒரு ராத்திரி குடும்பம் நடத்த வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஒன்றும் புதுசில்லையே?

செலவு? ஸ்ட்ரிப் லைட்டில் ஒரு மீட்டருக்கு 60 குட்டி விளக்குகள் உள்ள சாதா ரகம் 4.8 வாட்ஸ் எடுக்கும். பன்னிரண்டால் வகுத்தால் 0.4 ஆம்பியர். சமையல், சாப்பாடு, பாப்பா படிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு மீட்டர் தாராளம். மூணு மணி நேரத்துக்கு 1.2. அப்புறம் எல்லோரும் படுத்த பிறகு ஆயா எழுந்து போக வழி தெரிந்தால் போதும். பத்து சென்டி மீட்டர் துண்டு, ஒன்பது மணி நேரத்துக்கு 0.36. வெளியே அடையாள விளக்கு இருபது சென்டி மீட்டர், பதினொரு மணி நேரத்துக்கு 0.88. கூட்டினால் 2.44. கையில் மீதி ஒண்ணே கால்... ஸாரி, ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஆறு. மாசக் கடைசியில் இவ்வளவு மிச்சம் நான் பார்த்ததே கிடையாது.

மறுநாள் வரவுக்கு வழி? 20 வாட்ஸ் சோலார் தகடு ஒன்று. நல்ல வெயிலில் ஒரு ஆம்பியர் சொச்சம் கொடுக்கும். சேதாரம் போக மூணு மணி நேர வெயிலில் கணக்கு நேராகிவிடும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா? தகட்டை நேரே பாட்டரியில் கோக்கக் கூடாது. நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் என்று கைக்கடக்கமான டப்பா ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் விருந்தில் ஆயா பரிமாறுகிற மாதிரி, போதும் போதும் என்றாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

சேலம் முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு கடையில் சாமான் வாங்கினேன். வெள்ளை லைட்டா, மஞ்சள் லைட்டா என்று கேட்டார் கடைக்காரர். மஞ்சள் என்றேன். "வெள்ளைதான் ஸார் பளிச்னு இருக்கும், எல்லாரும் அதத்தான் வாங்கறாங்க" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பளிச்சென்று இருப்பதுதான் வியாதியே. இதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. சிவப்பு எல்.இ.டி.யை 1962-லேயே நிக் ஹாலன்யாக் என்ற அமெரிக்கர் செய்துவிட்டார். நீலம் மட்டும் முப்பது வருஷம் தண்ணி காட்டியது. ஜப்பானில் அகாஸாகி, அமானோ என்ற குருவும் சிஷ்யரும் ஒரு பக்கம். நிச்சியா என்ற கம்பெனியில் ஷூஜி நாகமுரா இன்னொரு பக்கம். 1993-ல் நாகமுரா பிரகாசமான நீலத்தை எரிய விட்டார். 2014-ல் மூணு பேருக்கும் நோபல் பரிசு. நீலத்துக்கு எதற்கு நோபல் என்றால், வெள்ளை எல்.இ.டி. என்பதே நீலம்தான்! நீல விளக்கின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு தூக்கலாக இருந்தால் மஞ்சள் வெளிச்சம், குறைவாக இருந்தால் நீலம் தூக்கின வெள்ளை.

பூச்சிகளுக்கு அந்த நீலம் என்றால் உயிர். ஏரிக்கரையில் வெள்ளை விளக்கு போட்டால் குழம்பில் கறிவேப்பிலை எது, ஈசல் எது என்று தெரியாது. மஞ்சளுக்கு அவ்வளவு கூட்டம் சேராது. இது ஒன்று. இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது. பளீர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். சினிமா தியேட்டரில் லேட்டாக நுழைந்து யார் மடியிலாவது உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தியேட்டரில் திட்டோடு போயிற்று. இங்கே அந்த மனுஷன் சேற்றில் கால் வைத்து, ஆடுகிற பரிசலில் ஏறி, ஆழத் தண்ணீருக்குப் போக வேண்டும். அதனால் மஞ்சள், அதுவும் முகத்தில் அடிக்காமல் தரையைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை சாமானோடு போய் இறங்கினால், அங்கே ஏற்கெனவே ஒரு எஞ்சினீயர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் தம்பி. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர். கையில் ஒரு பை நிறைய லாரி லைட்டு. சிவப்பு, ஊதா, ரோஸ். பாடி கட்டுகிற இடத்தில் மிச்சமானதாம்.

"எதுக்குங்க காசக் கொட்டிட்டு? இதக் கோத்து உட்டா திருவிழா மாதிரி இருக்கும்."

கோத்தார். எரியவில்லை. வயரை மாற்றினார். எரியவில்லை. பாட்டரியை ஒரு தட்டுத் தட்டினார். "பாட்டரி டூப்ளிகேட்டுங்க" என்று தீர்ப்பளித்தார்.

பாட்டரி பேரில் தப்பில்லை. லாரி என்பது 24 வோல்ட் ஜாதி. நம் பாட்டரி 12. ஸ்ட்ரிப் லைட்டில் ஒவ்வொரு குட்டி விளக்குக்கும் கிட்டத்தட்ட மூணு வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பட்டையில் மூணு மூணாகக் கோத்து, மிச்சத்தை ஒரு ரெஸிஸ்டர் முழுங்குகிற மாதிரி வைத்திருப்பார்கள். 24 வோல்ட் பட்டையில் ஆறேழு விளக்கை ஒரே வரிசையில் கோத்திருப்பார்கள். ஆறு பேருக்குப் பதினெட்டு வோல்ட் பசி. பன்னிரண்டு போட்டால் ஒருத்தரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். இதை நான் விளக்கியதும் மச்சான், "அதத்தாங்க நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

அடுத்து ஃப்யூஸ். ரெண்டு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்தேன். மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பன்னெண்டு வோல்ட்டுக்கு ஃப்யூஸா! கையில தொட்டாக்கூட ஷாக் அடிக்காதுங்களே?"

ஷாக் அடிக்காது. நெருப்பு வைக்கும். வண்டி வாகனத்தில் இருக்கிறவரே இப்படி நினைக்கிறார் என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டாம். மணலில் ஒரு பழைய வயரின் ஒற்றை இழையைப் போட்டு, குறடால் பிடித்துக்கொண்டு, பாட்டரியின் ரெண்டு முனையிலிருந்தும் கொண்டு வந்து ஒரு விநாடி தொட்டுக் காட்டினேன். இழை சிவந்து, புகைந்து, 'பட்' என்று அறுந்தது. கீழே கிடந்த காய்ந்த புல் கருகியது. (நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். லித்தியம் பாட்டரியில் கனவிலும் வேண்டாம்.) இந்தச் சின்ன பாட்டரி லைட்டுக்கு அரை ஆம்பியர்தான் கொடுக்கிறது. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொண்டால் நூறு ஆம்பியரைக்கூட ஒரு மூச்சில் துப்பிவிடும். மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய், கீழே கோரைப் பாய், நடுவில் தூங்குகிற பெண். சீமெண்ணெய் விளக்கை எடுத்துவிட்டோம், இனி நெருப்பு பயமில்லை என்று நிம்மதியாகப் படுக்கிறவர்களுக்குத்தான் பத்து ரூபாய் ஃப்யூஸ் அவசியம்.

அக்கா கருகின புல்லைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ லாரியே ஓட்டுடா" என்றார்.

மாட்டுகிற விதத்தில் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். சத்தியமாக எனக்குத் தோன்றாதது. நான் ஸ்ட்ரிப்பைத் தார்ப்பாயில் ஒட்டப் போனேன். "தம்பி, தார்ப்பாயி சுருட்டறதுங்க. சுருட்டுனா லைட்டு ஒடிஞ்சு போவுமில்ல?" என்று கேட்டுவிட்டு, கழித்துப் போட்டிருந்த பழைய துடுப்புக் கம்பு ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு பக்கம் மஞ்சள் ஸ்ட்ரிப்பை ஒட்டி, ரெண்டு ஸ்விட்ச்சும் கம்பிலேயே வைத்துக் கட்டினோம். முகட்டு மூங்கிலில் ரெண்டு கயிற்றில் கம்பு தொங்கும். அவ்வளவுதான். பாட்டரி, கண்ட்ரோலர், ஃப்யூஸ் எல்லாம் மீன் அனுப்புகிற பழைய தெர்மோகோல் பெட்டிக்குள். ஒரு கம்பு, ஒரு பெட்டி. குடிலைக் கிளப்பும்போது ரெண்டு நிமிஷத்தில் கழற்றலாம்.

தெர்மோகோல் பெட்டிக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐஸ் ஏரிக்காரர்களும் பாட்டரியை இப்படிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அங்கே குளிருக்குப் பயந்து. மைனஸ் இருபதில் காரீய பாட்டரி பாதிக்குப் பாதிதான் வேலை செய்யும். இங்கே வெயிலுக்குப் பயந்து. 25 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரியாக ஏற ஏற அதன் ஆயுசு பாதி பாதியாகக் குறையும். அங்கே தூங்கிப் போகும், இங்கே செத்துப் போகும். சார்ஜ் ஏறும்போது மட்டும் மூடியைத் திறந்து, நிழலில் வைக்க வேண்டும். உள்ளே வாயு சேரக் கூடாது. காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி நல்லது. எடை குறைவு, மினிமம் பேலன்ஸும் இவ்வளவு கறார் இல்லை. விலை ரெண்டு மடங்கு. அண்ணன், "மொதல்ல இத ஓட்டுவோம்" என்றார். மொத்தச் செலவு மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் வந்தது. பாதியைப் பணமாகவும் பாதியைக் கட்லாவாகவும் கொடுத்தார். மூணு வாரம் எங்கள் வீட்டில் வேறு குழம்பு கிடையாது.

பாக்கி, வெளி விளக்கு. என்ன கலர்?

வெள்ளை கூடாது. கரையெல்லாம் தெரு விளக்கு வெள்ளை. சிவப்பு? செல்போன் டவர் தலையில் எல்லாம் சிவப்பு. அது போக, இருட்டுக்குப் பழகின கண்ணுக்குச் சிவப்பு மங்கல்தான். பச்சைதான் ரொம்ப நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் கண்ணின் கூர்மையே பச்சையும் நீலமும் கலக்கிற இடத்தில்தான் இருக்கும். பன்னிரண்டடி மூங்கில் நுனியில் பச்சைத் துண்டைக் கட்டி, குடிலிலிருந்து பத்தடி தள்ளி நட்டோம். உபரி லாபம், பூச்சியெல்லாம் குழம்பை விட்டுவிட்டு அங்கே போயிற்று.

"வெளிச்சம் போட்டு மீன் புடிக்கறோம்னு ஆராச்சும் கேஸ் போட்டுருவாங்களா?" என்று அண்ணன் சந்தேகப்பட்டார். சந்தேகம் நியாயமானது. கடலில் எல்.இ.டி. விளக்கைப் போட்டு மீனை இழுத்துப் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது. நம் சங்கதி அப்படியில்லை. மீன் வருவதற்கு அல்ல, மீன் பிடித்தவர் வருவதற்கு.

அன்று ராத்திரி அண்ணன் பரிசலில் போனார். கரையில் எல்லோரும் நின்றோம். அரை மணி கழித்து இருட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "தெரியுதுங்கோ...வ்!" ஆயா கையெடுத்து விளக்கைக் கும்பிட்டார். அன்றைக்குப் பாப்பா படிக்கவில்லை. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

நிஜமான பரீட்சை ஜூலையில் வந்தது. 2024 ஜூலை நடுவில்கூட அணையில் 50 அடிக்கும் கீழேதான் தண்ணீர். கர்நாடகத்தில் பிடித்துக்கொண்டது மழை. காவிரி புரண்டு வந்தாள். முப்பதாம் தேதி 120 அடி! ரெண்டே வாரத்தில் எழுபது அடிக்கு மேல் ஏற்றம். மேட்டுக்குப் போங்கள் என்று அறிவிப்புச் செய்துகொண்டே இருந்தார்கள். அண்ணன் குடிலை ஆறு தடவை கிளப்பினாராம். அதில் ஒரு தடவை நடு ராத்திரி. தண்ணீர் கோரைப் பாயைத் தொட்டு ஆயாவை எழுப்பியிருக்கிறது. அக்கா கம்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஆயா வெற்றிலைப் பெட்டியோடு பின்னால் வர, அண்ணன் தெர்மோகோல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவோடு வயர் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டே ஓடி வந்தாராம். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பக்கத்துல வரல" என்று அக்கா போனில் சொல்லிச் சிரித்தார். பண்ணவாடி சர்ச் கோபுரமும் நந்தியும் மறுபடி தண்ணீருக்குள் போயாயிற்று.

வெள்ளம் வடிந்து மறுபடி வலை கட்ட ஆரம்பித்ததும் அண்ணனிடமிருந்து ஒரு புகார்.

"தம்பி, பச்ச லைட்டு பிரயோசனமில்லீங்க."

"ஏண்ணே, எரியலையா?"

"எரியுதுங்க. எல்லாருதும் எரியுது! நம்ம லைட்டப் பாத்துட்டு இந்தக் கரையில இருக்கறவன் பூராப் பேரும் பச்ச போட்டுட்டானுங்க. நேத்து இன்னொருத்தன் கொட்டாய்ல போயி எறங்கிட்டேன். அவம் பொண்டாட்டி வேற சாப்புடறீங்களாங்கறா!"

கடற்கரை விளக்கு வைப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தனி மினுக்கல் வைத்திருக்கிறார்கள். இத்தனை விநாடிக்கு இத்தனை தரம் என்று. கப்பல்காரன் எண்ணிப் பார்த்து எந்த ஊர் என்று தெரிந்துகொள்வான். அண்ணன் விளக்கையும் மினுக்க வைத்துவிட வேண்டியதுதான். பாதி நேரம் அணைந்திருந்தால் 0.88-ல் பாதி மிச்சம் வேறு. பைக் இண்டிகேட்டருக்குப் போடுகிற ஃப்ளாஷர் போதும். ஆனால் பழைய பல்பு இண்டிகேட்டருக்கு உள்ளதை மாட்டினால் நடக்காது. எல்.இ.டி. எடுக்கிற துளியூண்டு கரண்ட்டுக்கு அது அசைந்தே கொடுக்காது. எல்.இ.டி.க்கென்றே எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் விற்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கி அனுப்பினேன். மச்சானே மாட்டினார். ஃப்யூஸைத் தொடவில்லை என்று தனியாக போன் பண்ணிச் சொன்னார்.